கட்டியவர் யார்? உடையவர் யார்?

ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் தேடிச் செல்வது வழக்கம். நாம் இங்கே தேடிச் செல்வது கடைவீதியை. சிங்கப்பூரிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உள்ள ஒரு பழைய தெருவில் நின்று, இருபுறமும் நெருங்கி நிற்கும் கடைவீடுகளை நோக்கி மூன்று கேள்விகளைக் கேட்போம். இச்சுவரைக் கட்டியவர் யார்? இதன் பத்திரம் யார் பேரில் இருந்தது? மாதவாடகை யார் பெட்டிக்குப் போயிற்று? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் அத்தெருவின் சரித்திரம் முழுவதும் நம் கைக்கு வந்துவிடும்.

இக்கேள்விகள் நம்மவர்க்குப் புதியவையாகத் தோன்றலாம். நாம் தோட்டக் கிராணிகள். பிறருடைய ஏக்கர்களையும் பிறருடைய இலாபத்தையும் பிழையின்றி எழுதிப் பழகியவர்கள். லயத்தில் வாழும் நம் சகோதரர்களோ பிறர் நிலத்தில் மரம் நட்டு, பிறர் கூரையின்கீழ் உறங்கி எழுந்தவர்கள். மனையும் கட்டடமும் பணமுடையோர் விளையாட்டு என்று நாம் ஒதுங்கி நின்றோம். ஆனால் இந்நாட்டில் மனையிலும் கட்டடத்திலும் முதல் போட்டுத் தொழிலாக வளர்த்தவர்களுள் நம்மவரும் உண்டு. அவர்களிற் சிலர் கிராணிகளாகவும் பெட்டியடிப் பையன்களாகவுமே தொடங்கினர். அவர்கள் ஏறிய வழியையும் சறுக்கிய இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நாராயண பிள்ளையைப் பார்ப்போம். 1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் துரை பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தபோது அவருடன் வந்தவர் அவர். புதுக் குடியேற்றத்தின் கருவூலத்தில் எழுத்துவேலை பார்த்தார். அவ்வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. அத்தாப்புக் குடிசைகளே நிறைந்த ஊரில் விரைவிற் கல்வீடுகள் எழும் என்பதை உணர்ந்து, தஞ்சோங் பகாருக்கு அருகில் செங்கற் சூளை ஒன்று வைத்தார். கொத்தர்களையும் தச்சர்களையும் பினாங்கிலிருந்து வருவித்தார். இந்தியருள் அத்தீவின் முதற் கட்டடக் காண்டிராக்டர் அவரே என்பர். பின்னர்த் துணிக்கடையும் திறந்தார். 1822இல் நேர்ந்த தீ விபத்தில் கடை எரிந்துபோயிற்று. கடன் தலைக்குமேல் ஏறிற்று. ஆயினும் மனந்தளராமல் இராபிள்ஸிடம் முறையிட்டு, வர்த்தகச் சதுக்கத்தில் இடம்பெற்று மீண்டும் நிமிர்ந்தார். 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்ததும் அவர் முயற்சியாலேதான்.

இவர் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. ஊர் எந்தத் திசையில் வளரும் என்று கணித்து, அவ்வளர்ச்சிக்கு எது இன்றியமையாததோ அதை முன்கூட்டியே கையில் வைத்திருந்தார். மனைத்தொழிலின் முதற்பாடம் அதுவே. இன்று கோடிகளைக் கையாளும் கம்பெனிகளும் இப்பாடத்தைத்தான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

நிற்க. அதே சிங்கப்பூரை வேறு சில தமிழர்களும் பிற இந்தியர்களும் கட்டினர். 1825 முதல் அங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் அவர்கள். சாலைகள் போட்டதும், செங்கல் அறுத்ததும், புனித அந்திரேயர் தேவாலயத்தை எழுப்பியதும், 1869இல் முடிவுற்ற கவர்னர் மாளிகையைக் கட்டியதும் அவர்களுடைய கைகளே. அக்கைகளில் ஒன்றன் பேரிலேனும் அக்கட்டடங்களின் ஒரு செங்கல் எழுதப்படவில்லை. கட்டுதல் வேறு, உடைமை வேறு என்னும் உண்மையை இவ்விரு வரலாறுகளும் எதிரெதிரே நின்று காட்டுகின்றன.

அடுத்து வந்தோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவையே நம்மவர் செட்டித் தெரு என்று அழைத்தனர். பினாங்கில் பினாங்குத் தெருவும், கோலாலம்பூரில் அம்பாங் தெருவும் அவர்கள் இருப்பிடம். அங்கே 'கிட்டங்கி' எனப்பட்ட நீண்ட கூடங்களில், ஆளுக்கொரு பெட்டியும் சிறு மேசையும் இரும்பலமாரியும் வைத்துக்கொண்டு, ஒரே கூரையின்கீழ்ப் பல 'விலாசங்கள்' தொழில் நடத்தின. விலாசம் என்பது நாம் இன்று கம்பெனியின் பெயர் என்பதற்கு ஒப்பானது. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த அவ்விலாசமே அவர்களுடைய மதிப்பு, வாக்கு, உறுதிமொழி யாவும்.

அங்கே தொழில் கற்பித்த முறை வியக்கத்தக்கது. சிறுவன் ஒருவன் முதலிற் பெட்டியடிப் பையனாக அமர்வான். ஓலை எடுத்துக் கொடுப்பது, காசை எண்ணுவது, வசூலுக்கு ஓடுவது அவன் வேலை. பின்னர் அடுத்தாளாக உயர்ந்து பேரேடு எழுதுவான். அதன்பின் மேலாளாகி, முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் வைத்துக் கடல்கடந்து கொண்டுவிற்பான். தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டு வரவேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கொடுக்கப்படும். இலாபம் கண்டால் அதில் ஒரு பங்கும் உண்டு. அப்பங்கைச் சேமித்துத் தன் பேரில் ஒரு விலாசம் தொடங்கியோர் பலர். சம்பளக்காரன் முதலாளியாவதற்கு ஏணி ஒன்று அங்கே இருந்தது. அதன் ஒவ்வொரு படியும் கணக்கறிவால் ஆனது.

இம்முறையின் குறைகளையும் நாம் மறைக்கலாகாது. அந்த ஏணியில் ஏற ஒரே சாதியாருக்கு மட்டுமே இடமிருந்தது. பக்கத்துத் தெருவில் மூட்டை சுமந்த தமிழன் எவ்வளவு அறிவாளியாயினும் பெட்டியடியில் அமர முடியாது. அன்றியும், அவ்விலாசங்களின் முதலில் பெண்களின் சீதனப் பணமும் கலந்திருந்தது. அப்பணம் கடல்கடந்து வட்டி ஈட்டிற்று. ஆனால் ஆச்சியின் பெயரோ விலாசத்தின் எழுத்துக்களில் இடம்பெறவில்லை. அறிவையும் முதலையும் ஒரு சுவருக்குள் அடைத்துவைத்த சமூகம், பின்னாளில் அச்சுவர் இடிந்தபோது தனியே நின்று தாங்க நேர்ந்தது.

வட்டிக்குக் கொடுத்தவர் எவ்வாறு மனைக்குடையவரானார்? அது சட்டத்தின் வழியே நிகழ்ந்தது. மலாய் மாநிலங்களில் நிலவுரிமையைச் சர்க்கார் ஏட்டிற் பதிவுசெய்யும் முறை வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு மலாய் நாடுகள் நான்கிலும் அதை ஒரே சீராக்கிற்று. ஏட்டில் யார் பெயர் உண்டோ அவரே உடையவர். எனவே 'கிராண்டு' என்று நம்மவர் சொல்லும் பத்திரமே பணம் பெறத்தக்க பொருளாயிற்று. ஈயச் சுரங்கக்காரரும், சிறு தோட்டக்காரரும், கடைவீடு கட்டுவோரும் கிராண்டைச் செட்டியாரிடம் வைத்துக் கடன் பெற்றனர். ஐரோப்பிய பாங்குகள் வாயில் திறவாத இடங்களுக்கெல்லாம் அவர்கள் பணம் சென்றது. கடன் திரும்பாதபோது நிலம் வந்தது. வட்டித் தொழிலின் நிழலாகவே மனைத்தொழில் வளர்ந்தது.

இங்கே கடைவீட்டின் கணக்கைச் சற்று விளக்குவோம். கடைவீடு என்பது முகப்பிற் குறுகி உள்ளே நீண்ட கட்டடம். கீழே கடை, மேலே குடித்தனம், முன்னே பொதுமக்கள் நடக்க ஐந்தடி. இவ்வாறு தொடர்ச்சியான நடைக்கூரை வேண்டுமென்று இராபிள்ஸ் 1822இலேயே விதித்தார். அதன் மதிப்பு அகலத்தைப் பொறுத்ததன்று. தெருவையும் மூலையையும் சந்தையின் அண்மையையும் பொறுத்தது.

உதாரணமாக 10,000 வெள்ளிக்கு ஒரு கடைவீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதவாடகை 80 வெள்ளி, ஆண்டுக்கு 960. வரி, பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு 200 போக மிஞ்சுவது 760. முழுப்பணமும் நம்முடையதானால் நூற்றுக்கு ஏழரைக்கு மேல் வருமானம். பாதிப்பணத்தை நூற்றுக்கு 6 வட்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி 300, மிச்சம் 460. நாம் போட்ட 5,000க்கு அது நூற்றுக்கு 9 விழுக்காட்டுக்கு மேல். கடன் நமக்கு உழைத்தது! ஆனால் அதே கடனை நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கினால், வட்டி 600 போக 160 வெள்ளியே மிச்சம்; நூற்றுக்கு 3 விழுக்காட்டுச் சொச்சம். அவ்வாண்டிலேயே குடியிருப்பவர் போய் மூன்று மாதம் கடை பூட்டிக் கிடந்தால் 80 வெள்ளி கைநஷ்டம். கட்டடம் மாறவில்லை, தெரு மாறவில்லை, கடனின் விலையும் காலிமாதமுமே செல்வனைக் கடனாளியாக்கின. மனைத்தொழிலின் இரண்டாம் பாடம் இதுவாகும்.

இப்பாடத்தை உலகம் முழுவதற்கும் கற்பித்தது 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம். 1910இல் ஒரு ராத்தல் இலண்டனில் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் சில காசுகளுக்கு வீழ்ந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். கடன்பட்டோர் கைவிரித்தனர், கிராண்டுகள் செட்டியார் பெட்டிகளிற் குவிந்தன. பணம் வேண்டியபோது மண் கிடைத்தது, மண்ணை வாங்குவாரில்லை. மலாய்க் குடியானவர் நிலம் கைமாறுவதைக் கண்ட சர்க்கார், 1931இல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்திற்று. 1933இல் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டத்தை இறுக்கிற்று. அவ்வொதுக்கீட்டு நிலத்தை அயலார் ஈடாகப் பெறவும் தடை வந்தது.

பர்மாவில் நேர்ந்தது இதனினும் கொடிது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் விளையும் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்களவே செட்டியார்கள் வசமிருந்தது. 1937இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. ஏழே ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு நிலம்! அவர்கள் அதை நாடிச் சென்று வாங்கவில்லை. திரும்பாத கடனுக்கு ஈடாக வந்தது. ஆனால் நிலமிழந்த பர்மியக் குடியானவனுக்கு இந்த வேறுபாடு எதற்கு? தன் வயலில் அயலான் பெயர் இருப்பதையே அவன் கண்டான். வெறுப்பு மூண்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பல இலட்சம் இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றிற்று. தலைமுறைகளாகத் திரட்டிய முதல் ஏட்டில் எழுதிய எழுத்தாகவே நின்றுபோயிற்று.

ஆகவே மூன்றாம் பாடம்: நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சுற்றி வாழும் மக்களின் நல்லெண்ணம் இல்லாத பத்திரம் வெறும் காகிதமே. ஊரில் குடியிராமல், ஊரார் பிள்ளைக்குத் தொழில் கற்பியாமல், வாடகையும் வட்டியும் மட்டுமே வாங்கிப் போகிறவன் எத்தனை ஆயிரம் ஏக்கர் உடையவனாயினும் அவ்வூருக்கு விருந்தாளிதான்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போர்க்காலம் வேறொரு விசித்திரத்தைச் செய்தது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுக்கள் மதிப்பிழந்து வந்த நாளில், பழைய கடன்காரர்கள் அந்நோட்டுக்களைக் கொண்டுவந்து கடனை அடைத்தனர். 1945இல் அந்நோட்டுக்கள் குப்பையாயின. காகிதம் கரைந்தபோதும் கடைவீடுகள் நின்றன. கட்டடமே பத்திரமான முதல் என்று பலர் அன்று துணிந்தனர். ஆனால் கட்டடத்துக்கும் சட்டம் உண்டு. 1947இல் சிங்கப்பூரில் வந்த வாடகைக் கட்டுப்பாடு, பழைய கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டு நிலையில் நிறுத்திற்று. வீடின்றித் தவித்த ஏழைகளுக்கு அது தேவையான காப்பு என்பதை மறுப்பாரில்லை. எனினும் வாடகை நின்றது, விலைவாசி நிற்கவில்லை, பழுதுபார்க்க உடையவனுக்கு மனமில்லை, சுவர்கள் இற்றன. அச்சட்டம் 2001இல்தான் சிங்கப்பூரில் நீங்கிற்று. மலேசியாவில் அதுபோன்ற சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கிற்று. இதற்கிடையில் 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தால் சிங்கப்பூர் அரசு நகரின் பழைய மனைகளைப் பொதுக் காரியங்களுக்காகக் கைக்கொண்டது. செட்டித் தெருவின் கிட்டங்கிகள் மறைந்தன. அவ்விடத்தில் வானளாவிய மாளிகைகள் எழுந்தன.

காலம் மாறுவதைக் கண்டு தொழிலின் உருவத்தையே மாற்றியவர் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தனி விலாசத்தின் காலம் முடிந்தது, பலர் பங்குகொள்ளும் கம்பெனியின் காலம் வந்தது என்று அவர் தெளிந்தார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பின்னர்க் கிளைகள் எழுந்தன. தம் தலைமையிலிருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் மாபெரும் மாளிகை ஒன்றைத் தொடங்கினார். அது முடிவதைக் காண அவர் இருக்கவில்லை. 1954 மார்ச்சு மாதம் சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் மாண்டார். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் நாட்டுடைமையாயிற்று. 1959இல் அம்மாளிகை எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. தொடங்கியவர் போனார், உடைமை கைமாறிற்று, கட்டடம் நின்றது. ஒருவரோடு முடிந்துவிடாத ஸ்தாபனமே உண்மையான ஸ்தாபனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதுகாறும் பணமுடையார் கதையைச் சொன்னோம். பணமில்லாதார் கதைதான் நமக்கு இன்னும் நெருங்கியது.

1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் அஞ்சி நடுங்கியது இதுவே. முழுத் தோட்டமாக வாங்கிச் சில்லறையாக விற்பதில் இலாபம் மிகுதி. மனை வியாபாரத்தின் மிகப்பழைய தந்திரம் அது. அத்தந்திரத்திற்குப் பலியானவன் தொழிலாளி. வேலை போனது, வேலையோடு கட்டப்பட்டிருந்த லயத்து வீடும் போனது, பள்ளிக்கூடமும் கோயிலும் போயின. அவன் அத்தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனாக இருக்கலாம். ஆனால் ஏட்டில் அவன் பெயர் இல்லையே!

அப்போது 1960இல் தோன்றியது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதைத் தோற்றுவிக்க முன்னின்றவர், சுங்கை சிப்புட்டிற் பிறந்து நாட்டின் அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கொடுங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று அவர் கேட்டார். நாட்கூலி பெற்றவனுக்குப் பத்து வெள்ளி சிறிதன்று. ஆயினும் பல்லாயிரவர் கொடுத்தனர். ஆணும் கொடுத்தனர், பெண்ணும் கொடுத்தனர். இன்ன சாதி என்று எவரும் கேட்கவில்லை. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. கோலாலம்பூரில் துன் சம்பந்தன் மாளிகை என்னும் அலுவலகக் கட்டடமும் எழுந்தது. பால் வெட்டிய கையின் காசு நகரத்துக் கட்டடமாக எழுந்து நிற்பதை நம்மவர் கண்ணாரக் கண்டனர்.

இதில் வியப்பதற்குரியது நிலத்தின் பரப்பன்று. நாராயண பிள்ளை தனியொருவராகச் செய்ததையும், செட்டியார்கள் ஒரு குலமாகச் செய்ததையும், இவர்கள் பொதுமக்களாகச் செய்தனர். வட்டிக் கடனை நம்பாமல் சொந்தச் சேமிப்பை நம்பினர்; ஆகையால் விலை வீழ்ந்த ஆண்டிலும் கடன்காரன் கதவைத் தட்டவில்லை. தாம் வாழும் நிலத்தையே வாங்கினர். ஆகையால் உடையவர் அயலாராக இல்லை. முன்னே சொன்ன பாடங்கள் மூன்றும் இங்கே ஒன்றுகூடின.

ஆனால் கூட்டுறவு என்றால் குறையே இல்லை என்று முழங்குவது நம் கருத்தன்று. அங்கத்தினர் கணக்குக் கேளாவிடில் எந்தச் சங்கமும் சிலருடைய பெட்டியாகிவிடும். செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனுக்குக் கிடைத்த கல்வி, சங்கத்தின் அங்கத்தினர் எத்தனை பேருக்குக் கிடைத்தது? வரவுசெலவுப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பங்குத்தொகையைக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வராதிருப்பவன், வீட்டை வாங்கிவிட்டுச் சாவியைத் தெருவில் எறிந்தவனுக்கு ஒப்பாவான்.

பின்னர் வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஏக்கர்க் கணக்கில் விலைபோன மண் சதுரஅடிக் கணக்கில் விலைபெற்றது. அம்மாற்றத்தில் ஈட்டியவர் உண்டு. வேரோடு பெயர்க்கப்பட்டுப் புறம்போக்கிற் குடிசை போட்டவரும் உண்டு. இருசாராரையும் பிரித்தது உழைப்பன்று, ஊழுமன்று, பத்திரமே.

ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் சகோதர சகோதரிகளுக்கு ஒன்று கூறுவோம். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும்போதே கணக்கேட்டையும் கிராண்டையும் வாசிக்கக் கற்பியுங்கள். பெண்ணின் பேரிலும் பத்திரம் எழுதுங்கள். தனியே முடியாததைக் கூடிச் செய்யுங்கள். கூடிச் செய்ததைக் கண்காணியுங்கள். கடன் வாங்குமுன் காலிமாதத்தை எண்ணுங்கள். வாங்கிய இடத்தில் விருந்தாளியாக இராமல் ஊராராக இருங்கள்.

கட்டும் கை நமக்கு என்றும் இருந்தது. கையெழுத்திடும் கையும் அதுவேயாதல் வேண்டும்.